பத்தணா தேறும்

நான் விஸ்கிக்கு மதிப்பெண் போடுகிறவள். இதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் வேலை அதுதான். ஸ்காட்லாந்தில், கடலோரம் இருக்கிற ஒரு சிறிய வடிசாலையில், காலைச் சாப்பாடு செரித்து மதியப் பசி இன்னும் தொடங்காத நேரமாகப் பார்த்து ஒரு வெள்ளை மேசையின் முன் உட்காருவேன். பீப்பாய்களிலிருந்து எடுத்து வந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக முகர்வேன். வாயில் வைத்து உருட்டித் துப்புவேன். எது தயார், எது இன்னும் சில வருடம் கிடக்கட்டும், எது எத்தனை வருடம் கிடந்தாலும் தேறாது என்று சொல்லி, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணும் கொடுப்பேன். அவ்வளவு வேலையிலும் தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்காது. ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அதனால் சொல்வதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். அப்பா நெல் விவசாயி. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "பார்லி ஆபீஸ்ல இருக்கா" என்பார். கேட்டவர்கள் பார்லிக் கஞ்சியை நினைத்துக்கொண்டு, "ஒடம்புக்கு நல்லதாச்சே" என்று திருப்தியாகப் போய்விடுவார்கள். அதில் பொய் ஏதும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், பார்லியை மட்டும் வைத்து வடிப்பது. அப்பா சொல்வதை நான் எந்த நீதிமன்றத்திலும் மறுக்க முடியாது.

தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு மேற்படிப்புக்கு நான் கிளம்பியபோது, என்ன படிப்பு என்று அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. நானும் 'பானங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போனில்தான் விளக்கினேன். பார்லியை ஊறவைப்போம், ஈரத்தோடு பரப்பி முளை விடவைப்போம் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, முளை கட்டியதும் நாற்றங்காலில் தெளிப்பதை வருடாவருடம் செய்கிறவருக்கு இது என்ன பெரிய விஷயம்?

"மொள விட்டதும் எங்க கொண்டு போய்த் தெளிப்பீங்க?" என்று கேட்டார்.

"தெளிக்க மாட்டோம்பா. சூடு காட்டிக் காய வெச்சுடுவோம். அதுக்கப்புறம்தான் அரைச்சு, புளிக்க வெச்சு, வடிக்கிறது."

"மொளச்சதக் கொல்லுவீங்களா?" என்றார்.

சாராயம் என்றோ, பெண் பிள்ளைக்கு இது தேவையா என்றோ அவர் கேட்கவில்லை. முளைத்ததைக் கொல்வது ஒன்றுதான் அவர் வாய்விட்டுச் சொன்ன ஆட்சேபம். மற்றதையெல்லாம் மனதுக்குள் வைத்திருக்கிறாரா, அல்லது உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்று எனக்குப் பல வருடங்கள் தெரியாது.

வேலை கிடைத்த பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பாட்டில் கொண்டுவருவேன். கல்யாண வீடுகளில் மற்றவர்களோடு சேர்ந்து பிராந்தி ஒரு வாய் குடிப்பதோடு சரி, அப்பாவுக்கு அதற்குமேல் பழக்கம் கிடையாது. ஆனால் நான் கொண்டுவருவதை மட்டும் ஆர்வமாகக் குடித்துப் பார்த்து, அபிப்பிராயம் சொல்வார். பீட் என்கிற கரி மண்ணை எரித்த புகையில் பார்லியைக் காயவைத்துச் செய்கிற விஸ்கி ஒன்றை முதன்முதலாகக் கொடுத்தபோது, முகர்ந்த உடனே, "புழுங்கல் மில்லுல உமி எரியுற வாசம்ல இது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே பயிற்சியில் எனக்கு ஒரு வட்டப் படம் கொடுத்திருந்தார்கள். அதில் வாசனைகளின் பெயர்கள்: ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், பழைய தோல் நாற்காலி, ஈரமான கம்பளி. ஹெதர் பூவை நான் பார்த்ததுகூடக் கிடையாது. மாதக்கணக்கில் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து, வேறு யாருடைய வீட்டு நினைவுகளையோ என் மூக்கில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். அப்பா சொன்னதற்குப் பிறகுதான் என் மூக்குக்கும் ஓர் ஊர் இருக்கிறது என்ற தைரியம் வந்தது. இப்போதும் முகரும்போது எனக்குள் முதலில் வருவது பூவன் பழமும் வெல்லப்பாகும் கருவாட்டுக் கடையும்தான். அதற்குப் பிறகுதான் அவர்கள் சொற்களைத் தேடுவேன்.

அபிப்பிராயத்தோடு அப்பா மதிப்பும் போடுவார். நூற்றுக்கு இல்லை, பதினாறு அணாவுக்கு.

எங்கள் பக்கம் விளைச்சலை அணாக் கணக்கில்தான் சொல்வார்கள். குறையே இல்லாத முழு விளைச்சல் பதினாறு அணா. பாதி போனால் எட்டணா. முன்காலத்தில் வரி போடுவதற்காக வயலைப் பார்த்து இப்படி மதிப்பு எழுதினார்களாம். அணாக் காசு போய்விட்டது, எழுதியவர்களும் போய்விட்டார்கள், கணக்கு மட்டும் வாயில் தங்கிவிட்டது. அந்தப் புழுங்கல் மில் விஸ்கிக்கு அப்பா பதினாலணா போட்டார். அடுத்த வருடம் திராட்சை ரசம் வைத்திருந்த பீப்பாயில் கிடந்த ஒன்றைக் கொடுத்தேன், பதினஞ்சு. தாராளமான மனிதர்தான்.

ஆனால் இந்தத் தாராளமெல்லாம் அடுத்தவர் சொத்துக்குத்தான். இதைச் சொல்ல ஜவுளிக்கடை மாமாவின் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் உறவுமுறை இல்லை. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர். வளைகுடா நாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே இருந்தபோது எங்கள் வயலை ஒட்டியே கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டார். அதையும் அப்பாதான் சாகுபடி செய்கிறார். ஒரே விதை, ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே உரம், ஒரே ஆள். நடுவில் ஒரு வரப்பு. வரப்பில் நிற்கும்போது யாராவது வெள்ளாமை எப்படி என்று கேட்டால், அப்பா மாமாவின் வயலைக் காட்டி, "பாயோடது பதினாலணா இருக்கும்" என்பார். எங்கள் வயலைக் காட்டி, "நம்மளது ஏதோ பத்தணா தேறும்" என்பார்.

கதிர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தலை சாய்ந்திருக்கும். கேட்டவரும் சிரிக்கமாட்டார். அவரும் விவசாயி, தன் வயலுக்கு அவரும் பத்தணாதான் சொல்வார். அறுத்துக் களத்துக்கு வரும்வரை தன்னுடையதை வாயால் நிறைவாகச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும், மழை வந்துவிடும், பூச்சி விழுந்துவிடும்.

மாமாவுக்கு மட்டும் இது வேடிக்கை. "எங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல பாப்பா," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "நல்லா இருக்குன்னா மாஷா அல்லான்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிட்டு, பதினாறும் குடுத்துடுவோம். எந்தக் கண்ணும் ஒண்ணும் பண்ணாது. உங்கப்பாவுக்கு அப்படி ஒரு வார்த்தை இல்ல. அதான் கொறச்சுக் கொறச்சே சொல்லிக்கிட்டுக் கெடக்காரு."

வயலோடு நின்றிருந்தால் எனக்கும் வேடிக்கையாகவே இருந்திருக்கும். நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, "ஏதோ பாஸ் பண்ணிடுச்சு" என்றார். வெளிநாட்டில் இடம் கிடைத்தபோது, "ஏதோ ஒரு காலேஜ்." வேலை கிடைத்தபோது பார்லி ஆபீஸ். எனக்கு ரோஷம் அதிகம். சின்ன வயதில் அம்மா என்னைப் பச்சைமிளகாய் என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு 'ஏதோ'வும் எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு வந்தபோதுதான் இது வெடித்தது. அந்த முறை நான் கொண்டுவந்தது என்னுடைய விஸ்கி. வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், கை விறைத்துப்போய், நானே குழாயைப் பிடித்து நிரப்பிய பீப்பாய் அது. வருடாவருடம் அதன் பக்கத்தில் போய் நின்று, கொஞ்சம் எடுத்து முகர்ந்து, இன்னும் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். கடைசியில் ஒரு நாள் போதும் என்று நானே சொல்லி, அது தனிப் பீப்பாயாக பாட்டிலில் அடைக்கப்பட்டது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் தேர்ந்தெடுத்தவள் என்று என் பெயர். அங்கே மூக்கு உள்ளவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஊருக்கு வரும் விமானம் முழுக்க நான் நினைத்துக்கொண்டு வந்தது ஓர் எண்ணைத்தான்.

வந்த அன்று மாலையே அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்து, என் பெயரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விரலால் ஒருமுறை தடவினார். அம்மா செய்திருந்த மீன்குழம்பைச் சாப்பிட்ட கையோடு ஒரு வாய் குடித்தார். நான் என் சாப்பாட்டை மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏதோ," என்றார், "பத்தணா தேறும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"ஏண்டி, உங்கப்பாவத் தெரியாதா உனக்கு?" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். "கண்ணு பட்டுடும்னு சொல்றாரு."

"வெக்கமா இருந்தாலும் இப்படித்தானம்மா சொல்லுவாரு," என்றேன்.

அம்மா என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அதற்கு முந்தைய வருடம் ஒரு கல்யாணத்தில் பெரியப்பா முறையில் ஒருவர், பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சாராயம் காய்ச்சுற பொண்ணுக்கு எங்க மாப்ள தேடுவ?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதிர் வரிசையில் நான் இருந்தேன். அன்றிலிருந்து என் கேள்வி இது ஒன்றுதான்: என்னை அவர் குறைத்துச் சொல்வது கண் படக் கூடாது என்பதற்காகவா, அல்லது நான் அவருக்கு ஒரு தலைகுனிவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பத்தணாதான். எனக்கு வித்தியாசம் தெரிந்தாக வேண்டியிருந்தது. தெரியாமல் அந்த முறை விமானம் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை.

என் வேலையிலேயே இதற்கு ஒரு வழி இருந்தது. பாட்டிலைப் பார்த்துவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணருக்கும் மூக்கு வளைந்துவிடும். விலை தெரிந்தால் வாசனை கூடும். தன்னுடையது என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் எது எதுவென்று சொல்லாமல், வெறும் கிளாஸ்களாக வைத்து மதிப்பெண் போடச் சொல்வோம். அப்பாவுக்கும் அதையே செய்தால் என்ன? மீன்குழம்பு நாக்கோடு ஒரு வாய் குடித்ததில் என்னுடையதன் ருசி அவருக்குப் பதிந்திருக்காது. எது தன் பெண்ணுடையது என்று தெரியாதபோது எதைக் குறைத்துச் சொல்வார்? நாலு கிளாஸ் வைப்பது, அதில் ஒன்று என்னுடையது, மற்ற மூன்றுக்கும் என் பெட்டியில் கிடந்த சின்ன மாதிரி பாட்டில்கள். திருஷ்டியும் தெரியாது, வெட்கமும் தெரியாது. நாக்கு என்ன சொல்கிறதோ அதுதான் வரும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து அதை நடத்தினோம். காலை பதினோரு மணி இருக்கும். அந்த நேரத்தில்தான் நாக்கு சுத்தமாக இருக்கும் என்று நான் சொன்னதும், அம்மா, "வெள்ளன எந்திரிச்சுக் குடிக்கிற வீடுன்னு பேர் வாங்கிக் குடுத்துடு" என்றாள். தெருக்கதவைச் சாத்தினாள். பிறகு போய்ச் சாமி அறைக் கதவையும் சாத்திவிட்டு வந்தாள்.

சாட்சிக்கு ஜவுளிக்கடை மாமா வந்திருந்தார். கிளாஸ்களில் ஊற்றித்தர அவரைக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குடிக்காதவர், கை நடுங்காது. "குடிக்கிறது மட்டும் இல்ல பாப்பா, ஊத்தித் தர்றதும் எனக்கு ஆகாது. நூல் வேணா கட்டித் தர்றேன்" என்றார். கடையிலிருந்து நாலு வண்ணத்தில் நூல் கொண்டுவந்திருந்தார். மொட்டு வடிவில் வாய் குறுகிய என் கிளாஸ்களின் கால்களில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் டீயோடு உட்கார்ந்துகொண்டார்.

ஊற்றும் வேலை அம்மாவுக்கு வந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சமையலறையில் தனியாக நின்று ஊற்றினாள். எந்த நூலுக்கு எந்த பாட்டில் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாசனை போகாமலிருக்க ஒவ்வொன்றின்மேலும் ஓர் எவர்சில்வர் மூடி வைத்து, பலகாரத் தட்டு போலக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்து உட்கார்ந்தார். எதிரில் நான். நான் குடிக்கப் போவதில்லை. ஆனால் மூடிகளைத் திறந்து வைக்கும்போதே என்னுடையது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள். நான் நிரப்பிய பீப்பாயின் வாசனை எனக்குத் தெரியாமல் போகுமா? முகத்தில் எதையும் காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் வெள்ளை. "பச்ச வைக்கோலு," என்றார் அப்பா. "லேசா இருக்கு. பன்னெண்டு."

பச்சை நூலை முகர்ந்ததுமே சிரித்தார். "இது நம்ம மில்லு. பதினாலு."

மஞ்சளை எடுத்தார். வருடக்கணக்காக இருந்து வந்த ஒன்றை ஒருவர் ஒரு வாயில் முடித்துவிடுவார் என்பது என் தொழிலில் தினமும் நடப்பதுதான்; நானே தினமும் அப்படி முடிக்கிறவள்தான். அன்றைக்கு என்னமோ அது அநியாயமாகப் பட்டது.

"பூவம்பழம்," என்றார். "வெல்லம். நல்லாத்தான் இருக்கு. கடைசில ஒரு கசப்பு வந்து நிக்குது. பதிமூணு."

சரியான மதிப்பு. அந்தக் கசப்பு பீப்பாய் மரத்துடையது. ஒரு கோடைக்காலம் முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும், ஆசைப்பட்டு விட்டுவைத்துவிட்டேன். அங்கே மதிப்பெண் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த குறையை, எது எதுவென்று தெரியாமலே அப்பா தொட்டுவிட்டார். தலைகுனிவும் இல்லை, திருஷ்டியும் இல்லை, பதின்மூன்று. கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசு என்னவோ சப்பென்று ஆகிவிட்டது.

கடைசியாகச் சிவப்பு. அது பக்கத்துத் தீவில் இருக்கிற ஒரு பழைய வடிசாலையுடையது. என்னுடையதைவிட அதிக வயது. எங்கள் தொழிலில் அதன் பெயரைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்பா முகர்ந்தார். கண்ணை மூடினார். ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது வாய் குடித்தார். மற்ற மூன்றுக்கும் வந்த வைக்கோல், மில், பழம் எதுவும் இதற்கு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பத்து," என்றார்.

மாமா டீயைக் கீழே வைத்தார். "என்னண்ணே, கண்ண மூடி ரசிச்சுட்டுப் பத்துங்கிறீங்க?"

"ஏதோ, பத்தணா தேறும் பாய்." அப்பா என்னைப் பார்க்காமல் கிளாஸையே பார்த்துச் சொன்னார். அவர் வாயோரத்தில் அடக்க முடியாத ஒரு சிரிப்பு. வரப்பில் நின்று எங்கள் வயலைக் காட்டும்போது வருகிற அதே சிரிப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருப்பதிலேயே நன்றாக இருப்பது தன் பெண்ணுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். அதனால் அதைப் பத்தணாவுக்கு இறக்கிவிட்டார்.

"இதுதானம்மா உன்னோடது?" என்று சிவப்பு நூலைத் தொட்டுக் காட்டினார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். என்னைத் தவிர அந்த அறையில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். அப்பா சந்தோஷமாக இருப்பார். நானும் அதை வைத்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன். ஆனால் கிளாஸில் இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாக்கு அப்படியே பழகிவிட்டது.

"இல்லப்பா," என்றேன். "அது வேற கம்பெனி."

அப்பாவின் சிரிப்பு நின்றது. கிளாஸைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார். ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஒளிக்க அவருக்குத் தெரியாது.

"அப்படின்னா அதுக்குப் பதினாறு," என்றார்.

நான் பிறந்ததிலிருந்து அவர் வாயில் பதினாறு என்ற எண்ணைக் கேட்டதில்லை. கேட்ட முதல் முறை அது யாரோ ஒருவருடைய விஸ்கிக்குப் போயிற்று. மறுக்கவும் முடியாது. என் மூக்கும் அதையேதான் சொன்னது.

"அப்ப உன்னோடது எது?"

மஞ்சள் நூல் கட்டிய கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் எடுத்தார். முகர்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். வாயில் வைத்துக்கொண்டு, விழுங்க மனமில்லாததுபோல நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பதினாறு வாங்கிய சிவப்பைக்கூட அவர் அப்படிக் குடிக்கவில்லை.

"இதுக்கு மொதல்ல என்ன சொன்னேன்?"

"பதிமூணு."

"சேச்சே," என்றார். "அவ்வளவெல்லாம் எங்க வருது?" கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார். "ஏதோ, பத்தணா தேறும்."

ஜன்னலோரத்திலிருந்து மாமா, யாரிடமும் சொல்லாததுபோல, "மாஷா அல்லா" என்றார்.

என்னுடையது என்று தெரியாதபோது கொடுத்த பதின்மூன்றில், தெரிந்த அந்த நிமிடமே மூன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கு வாதாடத் தோன்றவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து, அடக்கப் பார்த்து முடியாமல், எல்லோர் முன்னாலும் வழிந்துவிட்டது.

"அதுக்குத்தான் காலங்காத்தால குடிக்க வேணாம்னு சொன்னேன்," என்று அம்மா கிளாஸ்களை எடுக்க வந்தாள்.

நான் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.